மீசை வைத்த மாது

கேள்வி: என் பேரனை எல்லாரும் 'மாது' என்றே கூப்பிடுகிறார்கள். மாது என்றால் பெண் ஆயிற்றே, பள்ளியில் கேலி செய்ய மாட்டார்களா?
– வாசகி, பென்னாகரம்

பதில்: அகராதியில் பெண்தான். ஆனால் உங்கள் ஊர்ச் சந்தையில் 'மாது' என்று குரல் கொடுத்துப் பாருங்கள், மீசைகள்தான் திரும்பும்! தர்மபுரிப் பக்கத்து மாதையன், மாதப்பன், மாதேஷ், மாதம்மாள் எல்லாருக்கும் மூலவர், காவிரிக்கு அப்பால் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் மலைமேல் இருக்கும் மாதேஸ்வரன். தாத்தா மாதையன், பேரன் மாதேஷ். காலத்துக்கேற்ப வால் மாறுகிறது, தலை அதேதான். செல்லமாகக் கூப்பிட்டால் இருவருமே மாது. பதிவேட்டில் மாதேஷ் என்று எழுதுங்கள், வீட்டில் மாதுவாகவே வளரட்டும். நாளைக்குச் சென்னைக்குப் படிக்கப் போனாலும் கவலையில்லை. கிரேசி மோகன் நாடகங்களின் நாயகனும் மாதுதான். அந்தப் பெயரைக் கேட்டதுமே அங்கே முகங்கள் மலரும்.