கடிகாரம் வேறு, கூட்டம் வேறு

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

தாலுகா ஆபீசில் காலமெல்லாம் இங்கிலீஷில் கோப்பு எழுதிய உங்களையே இந்தப் பிரிட்டன் சர்க்கார் இங்கிலீஷ் திணறடித்துவிடும். ரத்து, ஒத்திவைப்பு என்றால் நீங்கள் வாய் நிறைய லத்தீன் வாடை அடிக்கும் வார்த்தையாகப் போடுவீர்கள். வெள்ளைக்காரன் அதையெல்லாம் நம்மிடமே விட்டுவிட்டு வந்துவிட்டான் போலிருக்கிறது. இங்கே புட், ஹேண்ட், சைன் என்று எல்.கே.ஜி. வார்த்தைக்கு ஒரு வால் ஒட்டினால் அரசாங்க முடிவு தயார்.

தள்ளிப்போட்டால் 'புட் பேக்'. முன்கூட்டி நடத்தினால் 'பிரிங் ஃபார்வர்ட்'. புது பெட்ரோல், டீசல் கார் விற்பனைக்கு 2040 முதல் தடை என்றார்கள். 2020இல் அதை 2035க்கு பிரிங் ஃபார்வர்ட் செய்தார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் 2030 ஆயிற்று. 2023இல் பிரதமர் சுனக் வந்து 2035க்கே புட் பேக் செய்தார். அடுத்து ஆட்சிக்கு வந்த கட்சி மறுபடி 2030 என்கிறது. வண்டி இன்னும் கிளம்பவே இல்லை, அதற்குள் இத்தனை ரிவர்ஸ்!

அதோடு விட்டார்களா? அக்டோபர் கடைசி ஞாயிறு விடியற்காலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் 'புட் பேக்' செய்வார்கள். மணி 1 ஆகிவிடும். ஆனால் 2 மணிக் கூட்டத்தை ஒரு மணி நேரம் 'புட் பேக்' செய்தால் அது 3 மணிக்கு! கேட்டால், "அது கடிகாரம், இது கூட்டம்" என்கிறார்கள். முன்கூட்டி நடத்துவதற்கு நம்மூரில் சொல்லும் 'பிரிபோன்' எவ்வளவோ தேவலை. அதைச் சொன்னால் ஆபீசில் விழிக்கிறார்கள்.

தீர்ப்பு வழங்குவது 'ஹேண்ட் டவுன்'. அண்ணன் சட்டை தம்பிக்கு வருவதும் அதேதான். 2019 செப்டம்பரில், பிரதமர் ஜான்சன் பார்லிமென்டை ஐந்து வாரம் மூடச் சொன்னது செல்லாது என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமனதாக ஹேண்ட் டவுன் செய்தார்கள். தலைவர் லேடி ஹேல் கறுப்பு உடையில் பெரிய சிலந்தி புரோச் குத்திக்கொண்டு வாசித்தார். ஜான்சனுக்கு அந்தச் சட்டை கொஞ்சம் இறுக்கம்தான்.

எல்லாவற்றையும்விட மோசம் 'சைன் ஆஃப்'. மேலதிகாரி கோப்பை சைன் ஆஃப் செய்தால் வேலையை ஆரம்பிக்கலாம். டாக்டர் ஆளை சைன் ஆஃப் செய்தால் வேலைக்கே போகக் கூடாது.

பொங்கலுக்கு வருவேனா என்று சித்தி கேட்டிருந்தாள். என் லீவை மேனேஜர் இன்னும் சைன் ஆஃப் செய்யவில்லை. டாக்டரைப் போய்ப் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்