ரெண்டு நாள் மேஸ்திரி

மதுரையில் ஒரு வீட்டின் அஸ்திவாரப் பழுதுக்கு மேஸ்திரியின் கணக்கில் ரெண்டு நாள் ஆகும். விரிசல் மயிரிழையாக இருந்தாலும், ஜன்னல் மூலையில் தொடங்கிச் செங்கல் இடுக்கு வழியே படிப்படியாக இறங்கினாலும், சமையல் மேடை சுவரை விட்டுத் தனிக்குடித்தனம் போயிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. விரலை மடக்கிச் சுவரைத் தட்டுவார். பைக் சாவியை விரிசலுக்குள் விட்டுப் பார்ப்பார். சாவி முழுசாக உள்ளே போய்விட்டாலும் முகத்தில் ஒரு சலனமும் இராது. "ரெண்டு நாள் வேலை சார். ஒரு நாள் நோண்டுறோம், மறுநாள் கலவையைப் போட்டு மூடுறோம்."

விரிசலுக்குக் காரணம் கேட்டால் முன்பு கட்டிய மேஸ்திரி என்பார். பெரும்பாலும் காரணம் மண். திருமங்கலம், கள்ளிக்குடி, கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல். அதிலுள்ள மாண்ட்மோரில்லோனைட் என்ற களிக்கனிமம் ஐப்பசி மழையில் நீரைக் குடித்து உப்பும். கத்திரி வெயிலில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழையும் வெயிலும் வீட்டைச் சுற்றியுள்ள மண்ணில்தான் படும், நடுவீட்டு மண்ணுக்கு அவ்வளவாக எட்டாது. அதனால் ஓரச் சுவர்கள் ஏறி இறங்க, நடுச்சுவர் நின்ற இடத்தில் நிற்க, இடையில் கிழிகிறது. கண்மாயை ஒட்டி எழுந்த நகர்களில் அடியில் வண்டல் களி, மேலே இடித்த வீட்டுக் கழிவைக் கொட்டி மேடாக்கிய பிளாட். அங்கே வீடு உப்புவதில்லை. ஒரு பக்கமாக அமர்கிறது.

முறைப்படி முதல் வேலை சும்மா இருப்பது. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுத வேண்டும். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். கரிசலில் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்தால்தான் நிலவரம் தெரியும். இதை மேஸ்திரி சொல்ல மாட்டார். வேறு யாரோ சொல்லி ஒட்டி வைத்த கண்ணாடியையும், சுவர் அசிங்கமாக இருக்கிறதென்று அவருடைய ஆள் கரணையால் சுரண்டி எறிந்துவிடுவார்.

உண்மையிலேயே ரெண்டு நாளில் முடியக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. கழிவுநீர்க் குழாயில் ஒழுகும் இணைப்பை மாற்றுவது, மாடித் தண்ணீர் சுவரடியில் கொட்டாமல் தள்ளி விடுவது. வீட்டைச் சுற்றி வெளிப்புறமாகச் சரிந்த சிமெண்டுத் தளம் போட இன்னும் சில நாள் பிடிக்கும். மண்ணின் ஈரம் ஒரே சீராக இருந்தால் பல வீடுகளுக்கு இதுவே போதும். மேஸ்திரியிடம் சொன்னால், "அது பிளம்பர் வேலை சார்" என்று நகர்ந்துவிடுவார்.

போதாத வீடுகளுக்குத்தான் அஸ்திவாரத்துக்கு அடியில் போய் முட்டு கொடுக்க வேண்டும். சுவரடியை நாலைந்து அடித் துண்டுகளாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்றாக, முடிந்தால் இரண்டு விட்டு ஒன்றாகக் குழி எடுக்க வேண்டும். ஈரம் ஏறி இறங்காத ஆழம் வரை போய் கான்கிரீட் போட்டு, அது இறுகியபின் பழைய அஸ்திவாரத்துக்கும் புதுசுக்கும் இடையே உள்ள சந்தில் கெட்டிக் கலவையை இடித்து அடைக்க வேண்டும். பிறகே அடுத்த குழி. முப்பதடிச் சுவருக்கு மூன்று சுற்று. சுற்றுக்கு ஒரு வாரம், பத்து நாள். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விடும் காலத்தையும் மேஸ்திரி தீர்மானிக்க முடியாது. சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், கடையில் இன்று அதிகம் கிடைக்கும் பொஸலானா வகைக்கு 10 நாள் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். முழு பலத்துக்குக் கணக்கு 28 நாள். ஒரு சுவர் என்றால் ஒரு மாதம் போய்விடும். இரண்டு மூன்று சுவர் என்றால் பள்ளி விடுமுறைக்கு ஊரிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளை வேறு வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

முதல் ரெண்டு நாளும் மேஸ்திரி சொன்னபடியே நடக்கும். அதில் குறை சொல்ல முடியாது. காலை எட்டரைக்கு ஆள், கடப்பாரை, மம்பட்டி, எம்-சாண்ட் எல்லாம் வந்து இறங்கும். தெருவே வேடிக்கை பார்க்கும். மூன்றாம் நாள் யாரும் வர மாட்டார்கள். அழைத்தால், "காளவாசல் சிக்னல்ல நிக்கிறேன் சார், ரெண்டு நிமிசம்" என்பார். அந்த சிக்னல் அவருக்கு மட்டும் பச்சையே காட்டாது. பிறகு காரணங்கள் மாத வரிசைப்படி வரும். தையில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் வாடிவாசல்கள். மாசியில் சிவராத்திரிக்குக் குலசாமி கோயில். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்னும் பின்னும் ஊரே வேலை செய்வதில்லை. ஆடியில் புது வேலை தொடங்க மாட்டார். தொடங்கிக் கிடக்கும் வேலையும் அதில் சேர்த்தி. நடுநடுவே காதுகுத்து. வீட்டுக்காரர் ரெண்டு நாள் துணியோடு மச்சினர் வீட்டுக்குப் போய், அங்கே ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கும் அளவுக்குத் தங்கியிருப்பார். கோபித்துக்கொண்டால் மேஸ்திரி திருமலை நாயக்கர் மகாலைக் காட்டுவார்: "நாயக்கர் காலத்துக் கட்டடம் சார், அவசரப்பட்டிருந்தா நிக்குமா?" அதே திருமலை நாயக்கர் காலத்தில் தொடங்கிய ராயகோபுரம் புதுமண்டபத்துக்குக் கிழக்கே இன்றைக்கும் அடிப்பகுதியோடு நிற்கிறது. அதை அவர் குறிப்பிடுவதில்லை.

வராமல் இருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ரெண்டு நாள் என்ற சொல்லைக் காப்பாற்ற அவர் செய்வதுதான் ஆபத்து. விட்டு விட்டு எடுக்க வேண்டிய குழியை முழுநீளத்துக்கும் ஒரே நாளில் தோண்டிவிடுவார். முப்பதடிச் சுவர் அடியில் பிடிமானமில்லாமல் நிற்கும்போது ஐப்பசி மழை பிடித்தால் விரிசல் என்ன, சுவரே போகும்; குழிக்குள் நிற்பவர் உயிரும் போகலாம். அட்வான்ஸ் வாங்கும்போது பொறியாளர் ஒருவரைக் கூட்டிவந்து காட்டச் சொன்னால், "அவரு பேப்பர்ல பாப்பாரு, நான் மண்ணுல பாப்பேன்" என்கிறார். மண்ணைப் பார்த்தவர் இப்படித் தோண்ட மாட்டார். வீட்டுக்காரர் வேலை தொடங்கும் முன்பே குழிகளின் வரிசையைச் சுவரில் சாக்பீஸால் எண் போட்டுக் குறித்துவிட்டு, எண்ணுக்கு எண் பணம் என்று பேசிக்கொள்வது நல்லது. புதிதாகக் கட்டுவோர், ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்று பரப்பிய, அடியில் குமிழ் வைத்த பைல் அஸ்திவாரத்தை யோசிக்கலாம். மூன்றரை மீட்டர் போல ஆழம் இறங்கும் அது மேல்மண் உப்பினாலும் பிடியை விடாது.

வந்துவிட்டாரென்றால் மேஸ்திரி வேறு ஆள். சந்து அடைக்கும் வேலையைச் சித்தாளிடம் விட மாட்டார். குழிக்குள் மல்லாந்து படுத்து, கையில் பிடித்தால் உதிராத, பிழிந்தால் நீர் வடியாத பதத்தில் கலவையைப் பார்த்துப் பார்த்துத் திணித்து, கட்டை வைத்து இடிப்பார். ரசமட்டக் குழாயில் ஒரு நூல் வித்தியாசம் தெரிந்தாலும் தன் ஆளைத் தெருவுக்குக் கேட்கும்படி திட்டுவார்.

குழி மூடியபின் உடனே பூச வேண்டாம். கட்டடம் புது அடித்தளத்தில் அமர்ந்துகொள்ளும்போது சில மில்லிமீட்டர் இறங்கலாம். பழைய விரிசல் சற்றே வாய் திறக்கும். ஒரு மழை, ஒரு கோடை கழித்துப் பூசி, அதற்குப் பிறகு பெயின்ட் அடித்தால் போதும். இழுத்துப் பிடிக்கும் கதவுகளையும் அதன் பின்பே இழைக்க வேண்டும். அதற்கு கார்பெண்டர் வர வேண்டும். மேஸ்திரிக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார்.