டிங்கி வாங்கப் போறியா மக்கா?

ஏலே மக்கா, போன மாசி மாசம் எம் பேரன் ஆபீஸ்ல இருந்து வந்ததும் வராததுமா, "தாத்தா, டிங்கி வந்திருச்சு"ன்னான். எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. "நெலவேம்பு குடிச்சியாலே? ரத்தம் சோதிச்சியா?"ன்னு கேட்டேன். சிரியோ சிரின்னு சிரிக்கான். டெங்கு இல்லியாம், டிங்கியாம். காத்தடிக்கிற ரப்பர்ப் படகு.

நாங்க இருக்கிறது தில்லி மயூர் விஹார்ல நாலாவது மாடி. கடலப் பாக்கணும்னா ஒரு ராத்திரி முழுக்க ரயில்ல கெடந்து பம்பாய் போவணும். அங்க கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு எதுத்தாப்ல 22 அடிப் பாய்மரப் படகு ஒண்ண இவனும் சேக்காளிகளுமா நாலு பேரு பங்கு போட்டு வாங்கிக் கட்டி வச்சிருக்கானுவ. கரையில இருந்து அதுக்கு நடந்தா போவ முடியும்? அதுக்குத்தான் இந்தக் குட்டி. யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுதவன் கதை கேட்டிருப்ப. இவனுவ அழல. அங்குசத்துக்கு மூணு மாசம் ஆராய்ச்சில்லா பண்ணினானுவ!

டிங்கின்னா லண்டன் வார்த்தைன்னு நெனச்சுக்கிட்டிருக்கான் பய. இந்தியும் வங்காளமும் பேசுற தோணிக்காரன் வச்ச பேருலே அது. நம்ம கட்டுமரத்த 'கேட்டமரான்'னு வெள்ளக்காரன் தூக்கிட்டுப் போனாம்பாரு, அதே கதைதான். இப்ப ரெண்டையும் அவன்கிட்டயே டாலர் குடுத்து வாங்குதோம்.

பந்தயம் விடுற சின்னப் பாய்ப்படகுக்கும் டிங்கின்னுதான் பேரு. 1982-ல தில்லியில ஏசியாட் நடந்துச்சுல்லா, பாய்மரப் போட்டியப் பம்பாய்க்குக் கொண்டு போயிட்டாங்க. யமுனையில எங்க வச்சு ஓட்ட? அங்க ஃபாரோக் தாராபூரும் ஜரீர் கரஞ்சியாவும் ஃபயர்பால் டிங்கியில தங்கம் வாங்கினாங்க. அது வித்தக்காரங்க சமாச்சாரம். நீ வாங்கப் போறது தண்ணிக் கேனும் அரிசியும் ஆளும் சுமக்கிற கழுதை. கழுதை வாங்கப் போறவன் சுழி பாப்பானா, முதுகப் பாப்பானா?

நான் தூத்துக்குடித் தோணியில வெங்காயமும் ஓடும் ஏத்திக் கொழும்புக்குப் போனவன். எனக்குத் தெரிஞ்ச ஆராய்ச்சி ஒண்ணே ஒண்ணு. தூக்கிப் பாருலே! எட்டடி ரப்பர்ப் படகு 25 கிலோ பக்கம் வரும். மோட்டார் 2.5 குதிரைசக்தின்னாலும் 15 கிலோ பக்கம். பெரிய படகுல ஏத்தணும்னா மேல இருந்து இழுக்க ஒருத்தன், கீழ இருந்து தள்ள ஒருத்தன் வேணும். ஒத்தையா இருக்கிற அன்னைக்கு என்ன செய்வ? அப்புறம் மோட்டார அணச்சிட்டு எதுத்த காத்துல துடுப்புப் போட்டுப் பாரு. ரப்பர்ப் படகு பலூன்லே. காத்து எந்தப் பக்கமோ அதுவும் அந்தப் பக்கம். பலகையில செஞ்ச குட்டின்னா துடுப்புக்குக் கேக்கும். ஆனா இடிச்சா பெரிய படகோட பெயிண்டப் பேத்துரும், சுருட்டி வைக்கவும் முடியாது. ரெண்டுல எந்த இடைஞ்சல் உனக்குத் தாங்கும்? அத மட்டும் யோசி. மூணு பேரு ஏறலாம்னு அட்டையில எழுதியிருப்பான். எழுதினவன் ஒல்லிப் பய போல.

ரப்பர்ப் படகோட தோலு பி.வி.சி.யா, ஹைபலானான்னு ராத்திரி ரெண்டு மணிக்கு என்னய எழுப்பிக் கேக்கான். பி.வி.சி. வெல கம்மி, நம்ம வெயில்ல சீக்கிரம் பிசுபிசுத்து ஒட்டு விடும். ஹைபலான் வெயில் தாங்கும், உன் பர்சு தாங்காது. வருசத்துக்குப் பத்து நாளு போறவனுக்கு ஒரு பழைய போர்வை போதாதாலே, மேல மூடி வைக்க?

ரப்பர்னா எளக்காரம்னு நெனச்சுக்காத. 2023 ஜூலையில யமுனை 208.66 மீட்டர் ஏறுச்சு. 1978 வெள்ளத்தையே முந்திருச்சு. அப்போ பேரிடர்ப் படைக்காரங்க ரப்பர்ப் படகுலதான் சனங்களக் கரை சேத்தாங்க. நொய்டாவுல ஒரு கோடி ரூபா காளை ஒண்ணையும் காப்பாத்தினாங்க, பிரீதம்னு பேரு. அந்தக் காளைய இழுத்துட்டு வந்தவன் பி.வி.சி.யா ஹைபலானான்னா கேட்டுக்கிட்டு நின்னான்?

வாங்கினது பெரிசில்ல, வச்சுக்கிறதுதான். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். உப்புத்தண்ணியில ஓடுன மோட்டாருக்கு நல்ல தண்ணி குடுக்கணும். மாசக்கணக்கா நிப்பாட்டினா பெட்ரோல வடிச்சிரு. இப்ப எத்தனால்லா கலக்கான், அது ஈரத்த இழுத்து உள்ள பிசினாக்கிரும். பின்னால கட்டி இழுக்கும்போது மோட்டாரக் கழத்திப் பெரிய படகுல வச்சுக்கோ. கயிறு தண்ணியில மெதக்கிற கயிறா இருக்கட்டும், இல்லேன்னா பெரிய படகோட விசிறியில போய்ச் சுத்திக்கும். உச்சி வெயில்ல காத்தக் கொஞ்சம் எறக்கி விடு. வீங்கி வெடிச்சா கடைக்காரன் வரமாட்டான். எங்க ஊர்ல கட்டுமரம் கரையேறுனா கட்டவுத்து, ஒவ்வொரு மரமாக் காயப் போடுவாங்க. எந்தப் புத்தகத்தப் பாத்துலே செஞ்சாங்க?

ஜூன் பொறந்தா பம்பாய்க் கடல் பேயாடும். பாய்ப்படகெல்லாம் கரையேறிரும். நம்மாளு கரையில விட்டா களவு போயிரும்னு டிங்கிய மடிச்சு ரயில்ல ஏத்தித் தில்லிக்கே கொண்டாந்துட்டான். ஓட்டை இருக்கான்னு பாக்க மொட்டமாடியில காத்தடிச்சு வச்சான். "கவுத்திப் போடுலே"ன்னேன். "அடிப்பக்கம் கீறிரும் தாத்தா"ன்னு மல்லாக்கவே விட்டுட்டான்.

மழ பேஞ்சுது. ஒரு வாரம். பத்து நாளு. டிங்கி மாடியில குளமாட்டம் கெடக்கு.

வீடு வீடா வந்து கூலர்த் தண்ணியில டார்ச் அடிச்சுக் கொசுப்புழு பாக்கிற ஆளு ஏறி வந்தாரு. டார்ச் அடிச்சாரு. உள்ள துள்ளிக்கிட்டுத் திரியுது, கோடி. "இது என்ன?"ன்னு இந்தியில கேட்டாரு. பேரன் நெஞ்ச நிமித்திக்கிட்டு, "டிங்கி"ன்னான்.

"ஆமா, டெங்குதான்"னு சொல்லிட்டு நோட்டீசக் கிழிச்சுக் கையில குடுத்துட்டுப் போயிட்டாரு. நான் கீழ எறங்கி நெலவேம்பக் கொதிக்க வச்சேன்.