விசில் உண்டு, கிரவுண்டு இல்லை

கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட்டு போட்டுவிட்டால் இரண்டு பேர் மட்டும் பதற மாட்டார்கள். ஒருவர் கேட் கீப்பர். இன்னொருவர் பி.டி. மாஸ்டர். மற்றவர்கள் ஹாரனை அழுத்திக்கொண்டும் வண்டியைச் சாய்த்துத் தடுப்புக்கு அடியில் நுழைத்துக்கொண்டும் இருக்க, இவர் தன் மொபெட்டை ஓரங்கட்டி ஸ்டாண்டு போடுவார். கூட்டத்தில் சிக்கியிருக்கும் தன் பள்ளிப் பிள்ளைகளைக் கண்ணாலேயே பொறுக்குவார். எட்டு ‘பி’ நாலு பேர், ஏழு ‘ஏ’ ஆறு பேர்.

“இன்னாடா, வேடிக்கையா? நின்ன எடத்துலயே ஓடு!”

கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி கடக்கும்வரை பத்துப் பேரும் முதுகில் பை குதிக்க ஓடுவார்கள். பள்ளிக்கூடம் தராத இடத்தையும் நேரத்தையும் ரயில்வே இலாகா இப்படி அவருக்கு அவ்வப்போது ஒதுக்கித் தருகிறது.

ஆளை நீங்கள் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடலாம். இடுப்புக்குக் கீழே வெள்ளைக்கோடு போட்ட நீல டிராக் பேன்ட். மேலே இன் பண்ணிய அரைக்கை சட்டை. கல்வி அதிகாரி திடீரென்று வந்து நின்றால் பாதி உடம்பாவது வாத்தியாராகத் தெரிய வேண்டாமா? கழுத்தில் சிவப்புக் கயிற்றில் விசில். அதனுள்ளே உருளும் குண்டு எந்தக் காலத்திலோ தொலைந்துபோனது. அதனால் மற்ற விசில்களைப்போல் ‘பிர்ர்ர்’ என்று அதிராது. ‘ஃபீ’ என்று ஒரே சுரத்தில் இழுக்கும். கொருக்குப்பேட்டைப் பையன்கள் ஆயிரம் விசிலுக்கு நடுவிலும் அந்த ‘ஃபீ’யைத் தெரிந்துகொண்டு சட்டைப் பித்தானைப் போடுவார்கள். தொப்பை இருக்கிறது. ஆனால் அது வேலையில் சேர்ந்த பிறகு வந்தது என்பதை அவர் கேட்காமலே சொல்லிவிடுவார்.

“நான் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.” என்பதையும் கேட்காமலே சொல்வார். 1920-இல் ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் மெட்ராஸில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி அது. 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியோடு போனவரும் அதே பக் துரைதான். இதைச் சொல்லும்போது தானும் கூடவே பாரிஸுக்குப் போய் வந்த களை மாஸ்டரின் முகத்தில் தெரியும். இவர் வழக்கமாக அணியைக் கூட்டிப் போவது தண்டையார்பேட்டை வரைக்கும்தான், ஜோனல் மேட்சுக்கு, ஷேர் ஆட்டோவில். கபடிக்கு ஆடுகிறவர்கள் ஏழு பேர். மாற்று ஆட்கள் சட்டப்படி ஐந்து, ஆட்டோப்படி இரண்டு.

மைதானம் இல்லை என்று அவர் வாயால் சொல்ல முடியாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையிலேயே பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது, எழுதியிருப்பதால் இருக்கிறது. காலையில் அதற்குப் பெயர் பிரேயர் கிரவுண்டு. மதியம் சத்துணவு வரிசை. மற்ற நேரத்தில் டீச்சர்களின் ஸ்கூட்டர் ஸ்டாண்டு. தேர்தல் வந்தால் ஆர்.கே. நகர் வாக்காளர்களுக்குச் சொந்தம். இத்தனையும் போக மிஞ்சும் இடத்தில்தான், வேப்பமரத்துக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, இவர் பிளீச்சிங் பவுடரால் கோடு போடுவார். ஆண்களின் கபடிக் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். சின்னப் பையன்களுக்குச் சற்றுக் குறைத்திருக்கிறார்கள். எவ்வளவு குறைத்தாலும் வேப்பமரம் உள்ளே வந்துவிடுகிறது. அதற்காக மாஸ்டர் ஒரு தனி விதியே வகுத்திருக்கிறார்: “வேர் கிரவுண்டுக்குள்ள, தண்டு கிரவுண்டுக்கு வெளிய.” ரெய்டு போனவன் வேரில் தடுக்கி விழுந்தால் ஆட்டம் நடக்கும், தண்டில் முட்டினால் அவுட். மரத்தடியில் விளையாடிப் பழகிய பிள்ளைகள் ஜோனலில் திறந்த மைதானத்தைப் பார்த்ததும் எங்கே திரும்புவதென்று தெரியாமல் திணறுவதுதான் இதில் ஒரே சங்கடம்.

மூச்சுப் பயிற்சிக்கும் இங்கே தனி முறை உண்டு. கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையும் மணலி ரீஃபைனரி வாசனையும் முறைவைத்து வரும் ஊரில், புத்தகத்தில் உள்ளபடி ‘ஆழமாக இழு’ என்று சொல்லிவிட முடியுமா? மாஸ்டர் முதலில் கொடிக்கம்பத்தைப் பார்ப்பார். கொடிக்கயிறு எந்தப் பக்கம் ஆடுகிறது என்று கணித்த பிறகே உத்தரவு வரும். “இப்ப இழுக்காத... இரு... காத்து திரும்பட்டும்... ஆங், இப்ப இழு!”

ஸ்போர்ட்ஸ் ரூம் மாடிப்படிக்குக் கீழே. அதில் இலவசப் பாடப்புத்தகக் கட்டு, உடைந்த பெஞ்சு, சுதந்திர தினத் தோரணம் எல்லாம் போக ஒரே ஒரு பந்து. ஆறாம் வகுப்புக்கு அது வாலிபால். ஏழாம் வகுப்புக்கு ஃபுட்பால். பெண் பிள்ளைகள் வந்தால் த்ரோபால். பஞ்சரானால் சைக்கிள் கடைக்காரர் ஒட்டித் தருவார். கூலி கேட்பதில்லை, அவர் பையன் எட்டு ‘பி’.

இந்தப் பந்துக்கும் வேலை கிடைப்பது அபூர்வம். காரணம் கணக்கு டீச்சர். கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான். கணக்கு டீச்சரின் ரெய்டு நாற்பது நிமிஷம்.

“சார், போர்ஷன் முடியல. இந்த ஒரு பீரியட் மட்டும்.”

“டீச்சர், பி.டி. பீரியடைக் கடன் வாங்காதீங்கன்னு விளையாட்டுத் துறை அமைச்சரா இருந்தப்ப உதயநிதியே மேடையில சொன்னாரு. முடிஞ்சா உங்க பீரியடை எங்களுக்குக் குடுக்கச் சொன்னாரு.”

“குடுக்கறேன் சார். பசங்களுக்கு முதல்ல பின்னம் வரட்டும்.”

பின்னம் மாஸ்டருக்கும் பழக்கப்பட்டதுதான். ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படித்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேண்டும் என்கிறது அதே கல்வி உரிமைச் சட்டம். 2012-இல் தமிழக அரசு ஓவியம், தையல், உடற்கல்வி என்று 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. நிரந்தரம் கேட்டு டி.பி.ஐ. வாசலில் உட்காராத வருஷம் குறைவு. நம் மாஸ்டரும் அந்தக் கும்பலில் ஒருவர். சம்பளம் அரைநாளுக்கு என்பதால் வேலையும் அரைநாளுக்குத்தான் என்று யாராவது நினைத்தால் அவர்கள் பள்ளிக்கூடத்துப் பக்கமே வராதவர்கள். வெயிலில் மயங்கியவனைத் தூக்குவது, முட்டை வரிசையை ஒழுங்குபடுத்துவது, ‘ஸ்பைக்’ வெட்டிய தலைகளை சலூனுக்குத் திருப்பி அனுப்புவது, கொடி பாதிக் கம்பத்தில் சிக்கினால் கீழே நின்று கயிற்றோடு மல்லுக்கட்டுவது எல்லாம் விளையாட்டில் சேர்த்திதான்.

இத்தனைக்கும் நடுவில் அவருடைய கண் மட்டும் தன் தொழிலை விடாது. ஒருநாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பின்சுவர் ஏறிக் குதித்து ஓடி, பிடிபட்டு, ஹெச்.எம். அறையில் நின்றான். அம்மா அழுதாள். ஹெச்.எம். டி.சி. புத்தகத்தை வெளியே எடுத்தார். மாஸ்டரைக் காணோம். அவர் பின்சுவரோரம் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். மூச்சிரைக்க வந்தவர், “ஆறடி மேடம்! ரன்னப் எடுக்கவே எடமில்ல, நின்ன எடத்துலேந்து தாவிப் புடிச்சிருக்கான்!” என்றார். அந்த வருஷமே அவனுக்கு ஹை ஜம்ப்பில் பேர் கொடுத்தாயிற்று.

கபடிக்கு எடை வரம்பு உண்டு. போட்டிக்கு முந்தின நாள் மாஸ்டர் முழு அணியையும் காயலாங்கடைக்கு அழைத்துப் போய், பழைய இரும்பு போடும் தராசில் ஒவ்வொருவராக ஏற்றுவார். கடைக்காரர் பழக்கதோஷத்தில் கிலோவுக்கு விலையும் சொல்லிவிடுவார். இரண்டு கிலோ கூடுதலாக நிற்பவனுக்கு அன்றிரவு சாப்பாடு கிடையாது. மேட்ச் முடிந்ததும் அவனுக்கு மாஸ்டர் செலவில் பிரியாணி. அதனால் தராசில் வேண்டுமென்றே கனமாக நிற்கிறவர்களும் உண்டு.

தோற்றுவிட்டுத் திரும்பும்போது ஆட்டோவில் மாஸ்டர் சொல்லும் உதாரண புருஷர்கள் யாரும் வெளிநாட்டுக்காரர்கள் அல்லர். இந்திய அணிக்கு ஃபுட்பால் ஆடிய நந்தகுமார் வியாசர்பாடி. 2008-இல் கேரம் உலக சாம்பியன் ஆன இளவழகியும் வியாசர்பாடி. ஆனால் “கேரம் ஆடினா சோறு போடுமா சார்?” என்று கேட்ட தாய்மார்களுக்கு அவரிடம் பல வருஷமாகப் பதில் இல்லாமல் இருந்தது. 2024 நவம்பரில் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகர் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தாள். அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. மறுவாரமே ஒரு தாய், மகனை ஒரு கையிலும் கேரம் போர்டை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். “சார், இவனுக்கு எத்தினி மாசம் ஆவும்?”

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் காணாமல் போவதைத் தடுக்க ஹெச்.எம். ஒரு வழி கண்டுபிடித்தார்: வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் பி.டி. பலன் உடனே தெரிந்தது. ஒருத்தன்கூட ஓடவில்லை. ஜுரத்தோடு வந்தவனும் நாலு மணி வரை இருந்தான். வகுப்பு நிறைந்திருப்பதைக் கணக்கு டீச்சரும் பார்த்தார். “ஃபுல் அட்டெண்டன்ஸ் சார், இதை விட்டா பின்னம் எப்ப முடிப்பேன்?” என்று மூன்றாவது வெள்ளிக்கிழமை அந்த பீரியடையும் வாங்கிக்கொண்டார்.

நாலாவது வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மணிக்குப் பிறகு எட்டு ‘பி’யில் பதினாலு பேரைக் காணவில்லை. ஹெச்.எம். பதறிப்போய் மாஸ்டரைத் தேட அனுப்பினார். அரைமணி நேரம் தகவல் இல்லை. கடைசியில் அவரே போன் போட்டார்.

“கெடச்சாங்களா சார்?”

“கெடச்சாங்க மேடம். கோயிலுக்குப் பின்னால காலி மனைல.”

“பதினாலு பேரும் இருக்காங்களா?”

“இருக்காங்க மேடம். இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு.”

“அப்ப உடனே கூட்டிட்டு வாங்க!”

“செகண்ட் ஹாஃப் ஓடுது மேடம், பதினெட்டு-பதினாறு. மரம் வேற இல்ல. முடிஞ்சதும் கூட்டியாறேன்.”