வாடகை லேப்டாப்பும் பழி சுமக்கும் மரபும்: ஒரு முன்னாய்வு

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலோ, கிண்டிப் பக்கத்து நட்சத்திர ஓட்டலிலோ ஒரு தொழில் மாநாடு நடக்கிறது என்று கொள்க. வந்திருப்போர் ஒவ்வொருவர் தோளிலும் ஒரு லேப்டாப் பை. வாசலில் அன்பளிப்பாகக் கொடுப்பதும் இன்னொரு லேப்டாப் பை. இத்தனை லேப்டாப் கூடியிருக்கும் அரங்கத்தில், மேடைக்கென்று இரண்டு லேப்டாப் வாடகைக்கு வருவானேன்? இதுவே இவ்வாய்வு எடுத்துக்கொண்ட வினா.

பற்றாக்குறையே காரணம் என்பர் ஒரு சாரார். வரவேற்பு மேசைக்கு அது பொருந்தும். பெயர் சரிபார்த்து பேட்ஜ் அடிக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு சிஸ்டம் வேண்டும்தான். மேடைக்குப் பொருந்தாது. மானம் காக்கவே என்பர் மற்றொரு சாரார். சொந்த லேப்டாப்பை இருபதடித் திரையில் மாட்டினால், திருப்பதி பெருமாள் வால்பேப்பரும் 'வரும்போது அரைக் கிலோ சின்ன வெங்காயம்' என்று வீட்டம்மா அனுப்பும் வாட்ஸ்அப்பும் சேர்ந்தே தெரியும் என்பது அவர்தம் வாதம். ஓரளவு ஏற்கத்தக்கது. ஆயினும் வால்பேப்பரை மாற்ற அரை நிமிடம் போதும். அதற்காக யாரும் வாடகைக்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்டமாட்டார்கள்.

எமது துணிபு வேறு. கணினி என்ற பெயரில் வாடகைக்கு வருவது, பழி சுமக்க ஓர் ஆள். இனிச் சான்றுகள்.

முதலில் புறச்சான்று. ஒருகாலத்தில் ரேடியோ உதிரிகளுக்குப் பேர்போன ரிச்சி தெருவிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் வாடகைக்குக் கிடைக்கும் லேப்டாப்களில் பல, ஏதோ ஒரு கம்பெனி மூன்று நான்கு ஆண்டு உழைக்க வைத்துக் கழித்துவிட்டவை. வருமான வரிக் கணக்கில் கணினிக்கு ஆண்டுத் தேய்மானம் 40 சதவீதம். ஆக, 100 ரூபாய்ப் பொருள் மூன்றாம் ஆண்டு முடிவில் ஏட்டில் 21 ரூபாய் 60 காசு. ஏட்டில் செத்த பிறகுதான் அது மேடையேறுகிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

மூடியின் மேற்பரப்பை ஆராய்க. அடியில், பாதி உரித்த நிலையில் பழைய கம்பெனியின் பார்கோடு ஸ்டிக்கர். அதன்மேல் வாடகைக் கடையின் எண். அதற்கும் மேலே மாஸ்கிங் டேப்பில் மார்க்கர் பேனாவால் 'ஸ்டேஜ் 1'. கீழடிப் பானையோட்டில் 'ஆதன்' என்று கீறியவருக்கும் இதே கவலைதான். ஆனால் பானைக்குச் சொந்தக்காரர் ஒருவர். இதற்கு மூவர், பழி என்று வந்துவிட்டால் ஒருவரும் இல்லை.

இத்துறையில் 2025 அக்டோபர் 14 ஒரு காலக்கோடு. அன்றோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்பதோ, இன்டெல் சிப் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்தது. எனவே, 'ஐ ஃபைவ், எட்டு ஜி.பி., எஸ்.எஸ்.டி. சார்' என்று கடைக்காரர் சொன்னதும், பெண் பார்க்கப் போன இடத்தில் கோத்திரம் விசாரிப்பதுபோல், "எத்தனாவது தலைமுறை?" என்று கேட்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. நியாயமான கேள்வி. மேடையில் நடக்கப்போவதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை, அவ்வளவுதான்.

அகச்சான்றுக்கு வருவோம். காலை ஒன்பதேகால். சிறப்புரையாளர் பென் டிரைவை நீட்டுகிறார். தமிழில் பேசுபவர்; தலைப்பும் தமிழில். திரையில் 'தமிழ்' என்றிருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளாக ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி.

"தம்பி, என் லேப்டாப்புல சூப்பரா ஓடுச்சே?"

"சிஸ்டம் நல்ல கண்டிஷன் சார். ஃபைல்லதான் ஏதோ..."

"என்ன சிஸ்டம் கொண்டாந்திருக்கீங்க?" கேள்வி இப்போது ஒருங்கிணைப்பாளரை நோக்கி.

"வெண்டர்கிட்ட பேசறேன் சார்."

நடந்தது இது: அவருடைய அலுவலகத்தில் யாரோ பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். அதில் ஆங்கில எழுத்தின் இருக்கையில்தான் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இருக்கை மட்டுமே தெரியும். யூனிகோடில் அடித்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. எழுத்துரு தவறினால் வீடியோ. பவர்பாயின்ட்டுக்குள் வீடியோவைச் செருகாமல் லிங்க் மட்டும் கொடுத்திருப்பார்கள். ஃபைல் மேடைக்கு வந்திருக்கும், வீடியோ அலுவலகத்திலேயே இருக்கும். இரண்டு வழக்கிலும் லேப்டாப் நிரபராதி.

ஆனால் தொகுப்பாளினி மைக்கில் என்ன அறிவிக்கிறார்? 'சிறு தொழில்நுட்பக் கோளாறு, பொறுத்தருள்க.' இவ்வறிவிப்பே எமது கோட்பாட்டின் உயிர்நாடி. லேப்டாப் சிறப்புரையாளருடையதாக இருந்தால் கோளாறு அவருடையது. கம்பெனியுடையதாக இருந்தால் ஐ.டி. மேலாளருடையது, திங்கட்கிழமை அவருக்கு மீட்டிங். வாடகை லேப்டாப் என்பதால் அது வெறும் கோளாறு. அவை கைதட்டுகிறது.

அப்படியானால் பக்கத்தில் 'ஸ்டாண்ட்பை' என்று இன்னொன்று எதற்கு என்று வினவலாம். அதே பென் டிரைவைச் செருகிப் பாருங்கள்: அதே ஜே, அதே கே, அதே அரைப்புள்ளி. உண்மையில் ஹார்ட்வேர் படுத்தால் ஸ்டாண்ட்பை கைகொடுக்கும், மறுக்கவில்லை. மற்ற நேரங்களில் முதலாவது சுமக்கும் பழிக்கு அது சாட்சி.

அடாப்டர் காணாமல் போவது, எச்.டி.எம்.ஐ. கேபிள் ஓர் அடி குறைவது, ஓட்டல் புரொஜெக்டர் 1987-இல் வந்த வி.ஜி.ஏ.வைக் கேட்பது போன்றவை தனி ஆய்வுக்குரியன. பழியை நியாயமாகவே அவை மேல் போடலாம் என்பதால் நமக்கு அவற்றில் ஆர்வமில்லை.

இறுதியாக, களப்பணியில் கண்ட ஒன்று. டெலிவரி சலானில் கையெழுத்து வாங்கும் தம்பி, சார்ஜர் இருக்கிறதா, திரையில் கீறல் உண்டா, மூடியின் கீல் ஆடுகிறதா என்று பார்க்கிறார். டவுன்லோட்ஸ் ஃபோல்டரை யாரும் பார்ப்பதில்லை. அங்கே ஒருவரின் விமான டிக்கெட், இன்னொருவரின் விலைப்பட்டியல், 'எம்.டி. சார் கரெக்ஷன்' என்று முடியும் நாலைந்து பி.பி.டி. அடுக்கடுக்காகக் கிடக்கும். நல்ல கடைகளில் எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக ஏற்றுவார்கள். எல்லாக் கடையும் நல்ல கடை இல்லை.

ஆகவே வாசகர்களே, மேடை லேப்டாப்பில் அவசரத்துக்கு வாட்ஸ்அப் திறந்து ஃபைல் இறக்கியிருந்தால், போனில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதிக்குப் போய் இப்போதே லாக் அவுட் செய்துவிடுங்கள். அந்த லேப்டாப் நாளைக்கு வேறொரு மாநாட்டுக்குப் போகிறது.