மூன்று ஸ்ரேஷன் தள்ளி

1988இல் நாங்கள் ரொறொன்ரோவில் குடியேறியது செயின்ற் ஜேம்ஸ் ரவுணில், வானத்தைப் பாதி மறைத்துக்கொண்டு நிற்கும் அடுக்குமாடிகளில் ஒன்றில். பக்கத்தில் ஷேர்போர்ன் சுரங்க ரயில் ஸ்ரேஷன். அங்கே ஏறினால் மூன்றாவது ஸ்ரேஷன் செயின்ற் ஜோர்ஜ். இறங்கினால் ரொறொன்ரோ பல்கலைக்கழகம். வேலைக்குப் போகையிலும் வருகையிலும் அதைத் தாண்டித்தான் போவேன். இறங்குவதற்குக் காரணம் இருக்கவில்லை. நான் கோப்பை கழுவிய உணவகம் அதற்கும் அப்பால் இருந்தது.

அன்றைக்கு எங்கள் ஆட்களுக்குப் படிப்பு என்றால் டொக்டர், எஞ்சினியர். அதில் சறுக்கினவர் எக்கவுண்டன்ற். அதிலும் சறுக்கினவர் வாத்தியார். ஆராய்ச்சி என்பது இந்த வரிசையிலேயே இல்லை. கோயில் கும்பாபிஷேக மலரில் ஊர்ப்பெயரின் வரலாறு எழுதும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்தான் நாங்கள் கண்ட ஆராய்ச்சியாளர். எஞ்சினியர் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், குவாட்டர்ஸ், அதற்கேற்ற சீதனம்.

இப்போது ஸ்காபுறோவில் ஒரு கலியாண மண்டபத்தில் எங்கள் சொந்தக்காரப் பிள்ளைகள் இருக்கும் மேசைக்குப் போய், "என்ன படிக்கிறியள்?" என்று கேட்டுவிட்டால் பாயசம் வரும்வரைக்கும் பதில் முடியாது. ஒருத்தி முதியவர்களின் மறதி பற்றி ஆய்கிறாள். ஒருவன் பனிக்கட்டியில் சப்பாத்து எப்படி வழுக்குகிறது என்று பார்க்கிறான். இன்னொருத்தியின் ஆய்வு வாட்ஸப்பில் அம்மம்மாமார் அனுப்பும் குரல் செய்திகள். என் மகளுடையது இரண்டு மொழி பேசும் பிள்ளைகள். பனிக்கட்டிக்காரனின் தாய் மட்டும் யாராவது கேட்டால் இன்றைக்கும் "எஞ்சினியரிங்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிடுவார். சப்பாத்தைச் சொன்னால் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பாட்டா கடை என்று நினைத்துவிடுவார்களாம்.

மகளின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். அவளுக்கு ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கவில்லை. எங்களைக் கூப்பிட்டு ஓர் ஆசிரியை மிகவும் கனிவாகச் சொன்னார்: வீட்டில் ஆங்கிலத்தில் பேசுங்கள், தமிழை நிறுத்தி வையுங்கள், பிள்ளை குழம்புகிறாள். ஆசிரியர் சொன்னால் அப்பீல் இல்லை என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அன்றிரவே வீடு ஆங்கிலத்துக்கு மாறியது. சிக்கல் என்னவென்றால், என்னிடம் இருந்த ஆங்கிலம் முழுவதும் உணவகக் குசினியில் பொறுக்கியது. மனைவியின் பின்னால் பிட்டுத் தட்டோடு போகும்போது "பிஹைண்ட்!" என்று கத்துவேன். அவள் அடுப்பிலிருந்து குழம்பை இறக்கும்போது "ஹொட்! ஹொட்!" என்று திருப்பிக் கத்துவாள். அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. சாப்பாட்டு மேசையில் அவ்வளவு அமைதி அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு சாப்பிடும்.

செயின்ற் ஜோர்ஜ் ஸ்ரேஷனின் படியேறி வெளியே வந்தால் புளோர் வீதியில் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடம் தலைக்கு மேல் நிற்கும். ஒன்ராறியோ கல்வி ஆய்வு நிறுவனம், சுருக்கமாக ஓய்சி. 1965இல் தொடங்கியது. அங்கே ஜிம் கமின்ஸ் என்ற ஆய்வாளர் குடிவந்த பிள்ளைகளைப் பற்றி 1981இலேயே ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். விளையாட்டுத் திடலில் பேசும் ஆங்கிலம் ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடும். வகுப்புப் பாடத்துக்கு வேண்டிய ஆங்கிலம் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக வர ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். பொறுங்கள் என்பது அதன் சாரம். தாய்மொழி இரண்டாம் மொழிக்குத் தடையல்ல, முண்டு கொடுக்கும் என்பதையும் அவர் அந்த வருடங்களில் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். அந்த 1981 கட்டுரைக்குக் கணக்கு எடுத்ததே ரொறொன்ரோ பள்ளிக்கூடங்களில். ஆக, விடை எங்கள் வீட்டிலிருந்து மூன்று ஸ்ரேஷன் தள்ளி, அச்சிட்டு, அட்டை போட்டு, அலுமாரியில் இருந்தது. நாங்கள் "ஹொட்! ஹொட்!" என்று கத்திக்கொண்டிருந்தோம்.

1981 ரொறொன்ரோ பல்கலைக்கழகத்துக்கும் நல்ல வருடம்போல. அதே வருடம்தான் டேவிட் ஜென்கின்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் 62 உணவுகளைச் சாப்பிடக் கொடுத்து, எது இரத்தத்தில் சீனியை எவ்வளவு வேகமாக ஏற்றுகிறது என்று அளந்து ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். கிளைசீமிக் இன்டெக்ஸ் என்று இன்று சொல்வது அதுதான். பருப்பு, கடலை வகைகள் அதில் நல்ல பெயர் வாங்கின. எங்களுக்கும் 1981 நினைவிருக்கும் வருடம். மே 31 இரவு யாழ்ப்பாண நூலகத்துக்குத் தீ வைத்தார்கள், 97,000 நூல்கள். எங்கள் ஆராய்ச்சி அங்கே எரிந்தது, எங்களுக்கு வேண்டிய ஆராய்ச்சி இங்கே எழுதப்பட்டது என்று ஒருமுறை மகளிடம் சொன்னேன். "அப்பா, இதைத் திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ" என்று அவள் போனில் பதிவுசெய்யத் தொடங்கினாள். அதன் பிறகு அவள் முன்னால் சிந்திப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

சீனி வருத்தம் எனக்கு நாற்பது தாண்டியதும் வந்தது. கிளினிக்கில் தந்த உணவுத் தாளில் ஓட்ஸ் இருந்தது, அவித்த உருளைக்கிழங்கு இருந்தது, செலறித் தண்டு இருந்தது. பிட்டு, இடியப்பம் எதுவும் இல்லாததால் அவற்றுக்குத் தடையில்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். எடையும் உயரமும் பார்த்த டொக்டர், பி.எம்.ஐ 25க்குக் கீழே இருக்கிறது, நல்லது என்றார். அந்த 25 யாருடைய உடம்பை வைத்துப் போட்ட கோடு என்று அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஹமில்ரன், ரொறொன்ரோ, எட்மன்ரன் நகரங்களில் தெற்காசியர், சீனர், ஐரோப்பிய வழி வந்தவர்கள் மூவரையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்த ஷேர் ஆய்வு 2000இல் வந்தது. இருதய நோய் கூடுதலாக இருந்தது எங்கள் வரிசையில். 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஆசியர்களுக்கு 23இலேயே கவனம் வேண்டும் என்றது. இப்போது சீனி வருத்தக் கையேடுகள் தமிழிலேயே கிடைக்கின்றன. பிட்டுக்கும் கணக்கு வந்துவிட்டது. எனக்கு அந்த ஓட்ஸ் காலமே பரவாயில்லை.

ஆய்வு வீட்டுக்கு வர எப்போதும் இவ்வளவு காலம் எடுக்கும் என்றும் சொல்லமுடியாது. இதே நகரத்தில் 1921 கோடையில் பன்ரிங்கும் பெஸ்ற்றும் நாய்களில் தொடங்கிய இன்சுலின் வேலை, 1922 ஜனவரி 11 அன்று லெனார்ட் தொம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனின் உடம்புக்குள் போய்விட்டது. முதல் ஊசி சரிவரவில்லை. அவர்களோடு வேலைசெய்த கொலிப் சுத்தப்படுத்திக் கொடுத்த மருந்தை அதே மாதம் 23ஆம் திகதி திரும்பப் போட்டபோது பையன் எழுந்தான். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலருக்கு விற்றார்கள். சாகக் கிடக்கிற பிள்ளை கண்முன்னே இருந்தால் ஆராய்ச்சி ஓடும் போலிருக்கிறது. சாப்பாட்டு மேசையில் பேசாமல் இருக்கிற பிள்ளைக்கு அது ஓடாது.

சப்பாத்துக்கு வருகிறேன். முதல் வின்ரரில் மலிவு விலையில் வாங்கிய பூட்ஸோடு பஸ் தரிப்பில் விழுந்தேன். எழுந்தேன், விழுந்தேன். "பழகிவிடும்" என்றார்கள், ஏதோ பனிக்கட்டிதான் எங்களைப் பழகவேண்டும் என்பதுபோல. இன்றைக்கு யூனிவர்சிற்றி அவெனியூவில், ரொறொன்ரோ புனர்வாழ்வு மருத்துவமனையின் நிலத்தடியில் குளிரூட்டிய ஓர் அறை இருக்கிறது. தரை முழுக்கப் பனிக்கட்டி. ஆட்களுக்கு இடுப்பும் தோளும் வாரால் கட்டி மேலே கொழுவி, பூட்ஸ் மாட்டி நடக்கவிட்டு, தரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்கிறார்கள். எந்தச் சரிவில் வழுக்குகிறதோ அதுதான் பூட்ஸின் மதிப்பெண். 7 பாகை தாங்கினால் ஒரு பனிப்பூ கொடுப்பார்கள். 2016இல் 98 சோடிகளைப் பார்த்து வெளியிட்டபோது பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. பட்டியலைக் கண்ட அன்று எனக்குப் பெரிய ஆறுதல். விழுந்தது என் பிழையல்ல என்று கடைசியில் விஞ்ஞானம் சொல்லிவிட்டது.

இப்படி ஒரு அறையை எந்தத் துறை என்பது? கனடாவில் ஆராய்ச்சிக் காசு மூன்று சபைகளிலிருந்து வருகிறது: உடல்நலத்துக்கு ஒன்று, இயற்கை விஞ்ஞானத்துக்கும் பொறியியலுக்கும் ஒன்று, சமூக விஞ்ஞானத்துக்கும் மானிடப் பண்பியலுக்கும் ஒன்று. சீனி வருத்தக்காரக் கிழவர் ஒருவர் பனியில் வழுக்கி விழுந்து, அம்புலன்ஸ்காரனுக்கு எங்கே நோகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல் கிடந்தால், அவர் எந்தச் சபைக்குச் சொந்தம்? எங்கள் கலியாண மேசையில் இருந்த நாலு பிள்ளைகளும் அவரைத்தான், ஆளுக்கு ஒரு பக்கத்திலிருந்து, ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். விண்ணப்பம் எழுதும்போது மட்டும் ஒருவரையொருவர் தெரியாதமாதிரி எழுதவேண்டுமாம்.

குரல் செய்திக்காரிக்கு நான் ஒரு பழைய கோலிங் கார்ட் கொடுத்தேன், சுரண்டி முடிந்தது. பத்து நிமிடம் என்று போட்டு ஆறு நிமிடத்தில் வெட்டுகிற வகை. அதை அவள் பிளாஸ்ரிக் உறையில் இட்டுக் கையுறையோடு எடுத்துப் போனாள். ஊடகங்களை ஆராய்ந்த மார்ஷல் மக்லூவன் இருந்திருந்தால் அவளோடு சேர்ந்து ஒரு புத்தகம் எழுதியிருப்பார்; அவருடைய பழைய வண்டிக்கொட்டில் அலுவலகமும் ரொறொன்ரோ பல்கலைக்கழக வளாகத்தில்தான் இருக்கிறது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபுறோ வளாகத்தில் தமிழ் இருக்கைக்காக எங்கள் ஆட்கள் 3 மில்லியன் டொலர் சேர்த்தார்கள். 2021இல் தொகை நிறைந்தது. கொடுத்தவர்களில் எனக்குத் தெரிந்த சிலர் அதற்கு முன் எந்தக் கம்பஸ் வாசலையும் மிதித்தது பீற்சா கொண்டுபோனபோதுதான். நானும் இராப்போசன ரிக்கற் ஒன்று எடுத்தேன். கோழி நன்றாக இருந்தது.

பிறகு மகளின் ஆய்வில் நானும் ஒரு பங்கேற்பாளன் ஆனேன். மகள் தகப்பனைப் பேட்டி காணக்கூடாதாம்; வேறொரு பெண் வந்தாள். சம்மதப் படிவம் நாலு பக்கம். "எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் விடலாம். காரணம் சொல்லாமல் எந்நேரமும் விலகலாம்." 1988இல் என்னை ஓர் அறையில் வைத்து நாள்முழுக்கக் கேள்வி கேட்டவர்களிடம் இப்படி ஒரு தாள் இருக்கவில்லை. பேரனோடு அரை மணித்தியாலம் தமிழில் பேசச் சொல்லிப் பதிவுசெய்தார்கள். முடிவில் கோப்பிக் கடைக் கார்ட் ஒன்று தந்தார்கள், பத்து டொலர். தமிழை நிறுத்தச் சொன்ன நாட்டில் தமிழ் பேசியதற்குக் கிடைத்த முதல் கூலி.

கட்டுரை வெளிவந்ததும் மகள் அச்செடுத்துக் கொண்டுவந்தாள். என் பெயர் இல்லை. நான் பங்கேற்பாளர் 7. மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் தடவித் தடவிப் படித்தாள். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"இஞ்ச பாருங்கோ, இந்த ஏழாம் ஆள் தாங்கள் வீட்டில எந்தக் காலத்திலயும் தமிழ் மட்டும்தான் கதைச்சனாங்கள் எண்டு சொல்லியிருக்கிறார்."

நான் பேப்பர் விரித்தேன்.

"அப்ப 'பிஹைண்ட்' எண்டு கத்தினது எட்டாம் ஆளோ?"