நடந்தாப் பொரியும் முட்டை

வாய்யா மருமகனே. என் பேரனுக்கு அடியெண்ணுற வாட்ச் வாங்கிக் குடுத்திருக்கியாமே. ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி நடந்தான்னா அவன் போன் கேமுக்கு டைமண்ட் ஏத்திவிடுறதா ஒப்பந்தமாமே. பேஷ். விடியுறதுக்கு முன்னாடி போடியில இருந்து ஜீப்புல அடைஞ்சு, முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போற பொம்பளைக இருக்காகளே, நாள் பூராக் குந்தியும் குனிஞ்சும் செடித் தூருல கிடக்கிற சரத்துல காய் எடுக்குறாகளே, அவுகளுக்கு எவனும் டைமண்ட் ஏத்திவிட்டதாக் கேள்விப்படல. உன் மகனுக்கு மட்டும் சொந்தக் காலை ஆட்டுறதுக்குக் கூலி.

முகத்தைச் சுளிக்காத. இளந்தாரிப் பயலுக உடம்பை அசைக்கப் பரிசு வைக்கிறது நம்ம சனத்துக்குப் புதுசில்ல. இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால போட்டவனுக்குத்தான் பொண்ணுன்னு தென்மாவட்டத்துல ஒரு காலத்துல வச்சிருந்தாக. திருநெல்வேலிப் பக்கம் வடலிவிளையில இன்னைக்கும் பொங்கலுக்குக் கல் தூக்குறாக, பொம்பளைகளும் தூக்குறாக. நல்லவேளை, நம்ம வீட்டுல அந்த வழக்கம் இல்ல. இருந்திருந்தா என் மக உனக்கு எப்படிக் கிடைச்சிருப்பா? கேஸ் சிலிண்டரையே நீ உருட்டித்தானே கொண்டு போற.

அந்தப் பத்தாயிரம் அடிக் கணக்கு இருக்கே, அது வைத்தியன் சொன்னதுன்னு நினைச்சியா? 1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனிக்காரன் இடுப்புல மாட்டுற அடியெண்ணி விக்கிறதுக்குச் சூட்டின பேரு. பொடியனுகளுக்கு உலக சுகாதார நிறுவனம் அடிக்கணக்கே சொல்லல. 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும், நாளைக்குச் சராசரியா 60 நிமிஷம் மூச்சு வாங்குற மாதிரி ஆடு, ஓடு, அம்புட்டுத்தான். அதையும் செய்யாத பயலுக உன் வீட்டுல மட்டும் இல்லப்பா. 146 நாட்டுக் கணக்கைக் கூட்டி 2019-ல சொன்னாக: பள்ளிக்கூடம் போற 11 - 17 வயசுப் பிள்ளைகள்ல நூத்துக்கு 81 பேரு அந்த ஒரு மணி நேரத்தைத் தொடலையாம். பொம்பளைப் பிள்ளைகள்ல 85. இதைக் கேட்டதும் உன் மகளை நினைச்சேன். அவளுக்கு வாட்சும் வேணாம், டைமண்டும் வேணாம். "வயசுப் பொண்ணு தெருவுல என்ன ஆட்டம்"னு நீ சாத்தி வச்சிருக்கிற கேட்டைத் திறந்துவிட்டாலே பாதி சோலி முடிஞ்சது.

சரி, கேமை வச்சே நடக்க வைக்க முடியாதான்னு கேப்ப. முடியும். 2016 ஜூலையில போக்கிமான் கோன்னு ஒண்ணு வந்துச்சு. நம்ம நாட்டுக்கு அந்த வருசம் டிசம்பர்ல வந்துச்சு. போன்ல ஒரு முட்டை குடுப்பான்; 2 கிலோமீட்டரோ 5 கிலோமீட்டரோ 10 கிலோமீட்டரோ நடந்தாத்தான் பொரியும். நம்ம ஊர்க் கோழி உக்காந்தாத்தான் முட்டை பொரியும், இவன் முட்டை நடந்தாத்தான் பொரியும். வண்டியில வேகமாப் போனா அந்தத் தூரம் கணக்குல சேராது. ஆனா நம்ம போடிமெட்டு ரோட்டுல லோடு லாரிக்குப் பின்னால ஜீப்புல ஊர்ந்து வந்தா ஒருவேளை பொரிஞ்சாலும் பொரியும்.

கதை அதோட முடியல. அமெரிக்காவுல 18 - 35 வயசு ஆளுகளை வச்சுக் கணக்குப் பாத்து பி.எம்.ஜே.ங்கிற மருத்துவ இதழ்ல போட்டாக. நர்சிங் படிக்கிற என் பேத்திதான் வாசிச்சுச் சொன்னா. கேமை ஏத்தின முதல் வாரம் நாளைக்கு 955 அடி கூடுதலா நடந்திருக்காக. வாரம் போகப் போகக் குறைஞ்சு, ஆறாவது வாரம் பழைய நடைக்கே வந்துட்டாக. தேயிலைத் தோட்டத்துல கூடுதல் கிலோவுக்குக் கூடுதல் காசு குடுப்பாகல்ல, அந்தக் கதைதான். தராசு இருக்கிற வரைக்கும் கை ஓடும்.

உன் மகன் அந்தத் தராசையும் ஏமாத்தத் தெரிஞ்சவன். வாட்சைக் கழட்டி வெள்ளாட்டுக் கால்ல கட்டிவிட்டானாமே. ஆடு அன்னைக்குப் பத்தாயிரத்தைத் தாண்டிருச்சாம். பரிசு குடுத்ததுதான் குடுத்த, ஆட்டுக்குக் குடுத்திருக்கலாம்.

இன்னொண்ணும் கேட்டுக்க. 1973-ல லெப்பர், கிரீன், நிஸ்பெட்னு மூணு பேரு பாலர் பள்ளிப் பிள்ளைகளை வச்சு ஒரு சோதனை பண்ணாக. படம் வரைய ஆசைப்படுற பிள்ளைகளாப் பாத்து, "வரைஞ்சாப் பரிசுப் பத்திரம் தருவோம்"னு முன்கூட்டியே சொல்லிக் குடுத்தாக. கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா, அந்தப் பிள்ளைக வரையுற நேரம் மத்த பிள்ளைகளை விடப் பாதியாக் குறைஞ்சு போச்சு. சொல்லாம கொள்ளாமப் பரிசு வாங்கின பிள்ளைகளுக்கு ஆசை குறையல. விளங்குதா? உன் மகன் சாயங்காலம் தானா வாலிபால் ஆடப் போறான்ல, அதுக்கு மட்டும் ரேட்டு பேசிறாத. நாளைக்கு, "இன்னைக்கு என்ன தர்ற?"ன்னு கேட்டுட்டுத்தான் பந்தைத் தொடுவான்.

அரசாங்கமும் பரிசு வைக்குது, இல்லைங்கல. முதலமைச்சர் கோப்பையில மாநில அளவுல தனி ஆட்டத்துல ஜெயிச்சா ஒரு லட்சம். நல்ல காரியம். ஆனா அந்த லட்சம், காசே இல்லாட்டியும் ஓடுற பயலுக்குப் போகுது. கடைசியா வர்றவனுக்குத்தான் ஓட்டம் தேவை, அவனுக்குக் கோப்பை எவன் வைப்பான்? 2023 நவம்பர்ல "நடப்போம் நலம் பெறுவோம்"னு 38 மாவட்டத்துலயும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுத்தாக. அதுல போய் நடக்க நீ பைக்கை எடுத்துட்டுப் போவ.

இப்ப வைத்தியத்துக்கு வர்றேன். 2017-ல அமெரிக்காவுல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு. 94 குடும்பம், 200 பேரு. எல்லாம் வளந்த ஆளுகதான், இருந்தாலும் சூட்சுமம் நமக்கு ஆகும். காசு, பணம் கிடையாது. வாரம் பிறந்தா வீட்டுக்கு 70 பாயிண்ட். தினமும் குருட்டாம்போக்குல வீட்டாள் ஒருத்தரை எடுப்பாக. அந்த ஆளு முந்தின நாள் வச்ச அளவு நடக்கலைன்னா வீட்டுக்கே 10 பாயிண்ட் போயிரும். 12 வாரத்துல அந்த வீட்டாளுக நாளைக்கு 1,661 அடி கூட்டிட்டாக. இந்த ஆட்டம் இல்லாம அடியை மட்டும் எண்ணிட்டு இருந்தவுக கூட்டினது 636. ஆட்டத்தை நிறுத்தின பிறகும் கொஞ்சம்தான் இறங்குச்சே ஒழிய, பழைய நிலைக்குப் போகல. பரிசுக்காக நடக்குறவன் பரிசு நின்னா நிப்பான். கூட ஒருத்தர் நடந்தா, "நம்மளால வீடு தோத்துச்சுன்னு ஆயிரக் கூடாது"ன்னு எந்திரிப்பான்.

அதனால டைமண்டை விடு. வீட்டுல இருக்கிற நாலு பேரு பேரையும் எழுதி ஒரு சொம்புல போடு. ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி உங்க அம்மா ஒரு சீட்டு எடுக்கட்டும். சீட்டுல வந்த ஆளு அன்னைக்கு ஒரு மணி நேரம் நடந்திருந்தாலோ ஆடியிருந்தாலோ வீட்டுக்குப் பாயிண்ட். மாசக் கடைசியில பாயிண்ட் தேறினா ஒரு வாலிபால், ஒரு வலை, ஷட்டில் மட்டை, பஞ்சர் ஒட்டின சைக்கிளுன்னு வாங்கிப் போடு. மறுபடி ஓட வைக்கிற பொருளாத்தான் பரிசு இருக்கணும். டேட்டா ஏத்திவிட்டா மறுபடி கட்டில்ல படுப்பான்.

என்ன, முழிக்கிற? நாலு பேருல உன் பேரு எதுக்குன்னா? அதுதானப்பா சங்கதியே. நடக்கச் சொல்லி மகனுக்கு வாட்ச் வாங்குற அப்பன், தான் நடக்காம இருக்கிறதுக்குத்தான் வாங்குறான். என்னைக்காவது சீட்டுல உன் பேரு வரும். அன்னைக்கு உன் மகன், "எந்திரிங்கப்பா, உங்களால நம்ம பாயிண்டு போகுது"ன்னு கத்துவான். அது நடந்தா மெட்டுக்கு ஏறி வந்து எனக்குச் சொல்லு. நடந்தே வரணும். ஜீப்புல வந்தா கணக்குல சேராது.